ஒன்றரை வயதுக் குழந்தையோடு தனியாக சென்னையிலிருந்து அமெரிக்கா: டிக்கெட் முதல் வீடு சேரும் வரை

1 முதல் 3 வயதுக்குள் இருக்கும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, துணைக்கு வேறு பெரியவர் யாரும் இல்லாமல் அமெரிக்கா கிளம்பும் தாய்க்காக இதை எழுதுகிறேன். அப்பா தனியாகக் கூட்டிப் போனாலும் இதே படிகள்தான். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, ஃப்ராங்ஃபர்ட், லண்டன் என்று எங்காவது ஓரிடத்தில் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். வீட்டு வாசலில் கிளம்பி அந்தப் பக்கத்து வாசல் சேர ஒரு முழு நாள் தாண்டிவிடும்.

நானும் இப்படிப் போய் வந்திருக்கிறேன். தெரிந்த குடும்பங்களில் முதல் முறை போகிறவர்களுக்கு உட்கார்ந்து பெட்டி கட்டிக் கொடுத்தும் இருக்கிறேன். குழந்தை அழுமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் இரண்டு கையும் வேண்டிய வேலை ஒன்று, குழந்தை இடுப்பில் இருக்கும் நேரம் பார்த்து வந்து நிற்கும். அங்கேதான் எல்லாம் குலைகிறது. அதனால் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை ஒரு கையால் செய்ய முடியுமா? முடியாதென்றால் முன்பே முடித்து வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

1. டிக்கெட் போடும் முன்: வயது, வழி, இடைவெளி

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். 2 வயது முடியாத குழந்தை மடியில் வரலாம். சர்வதேசப் பயணத்தில் இதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவும் வரிகளும் வரும். 2 வயது நிறைந்த நாளிலிருந்து தனி சீட் கட்டாயம். போகும்போது 2 வயது ஆகவில்லை, திரும்பும்போது ஆகிவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்குச் சீட் போட வேண்டும். இது கண்ணில் படாமல் போய், கடைசி வாரத்தில் கிடைத்த விலைக்கு வாங்குகிறவர்கள் நிறைய.

ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தைக்கு, வசதிப்பட்டால், முன்பே தனி சீட் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வளைகுடாவிலிருந்து அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு ஒரே மூச்சில் 15, 16 மணி நேரம் பறக்க வேண்டும். 10, 11 கிலோ குழந்தை அத்தனை நேரம் மடியில் இருந்தால் உங்கள் சாப்பாட்டுத் தட்டை இறக்கி வைக்கக்கூட இடம் இருக்காது. குழந்தை தூங்கினாலும் உங்கள் கை விடுபடாது.

தனி சீட்டில் உட்காரும் சின்னக் குழந்தைக்கு விமானத்தின் இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. கார் சீட்டைக் கொண்டுபோகலாம். விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்று அதன் லேபிளில் அச்சிட்டிருக்க வேண்டும். ஆனால் தனியாகப் போகும்போது அதையும் சுமப்பது கடினம். அதற்குப் பதிலாக 'கேர்ஸ்' என்ற தோள்பட்டை பெல்ட் கிடைக்கிறது. அமெரிக்க விமானத் துறை அங்கீகரித்தது. 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள, தானாக நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கானது. மடித்தால் கைப்பையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். உங்கள் விமான நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

அடுத்து வழி. வளைகுடா வழியில் முதல் விமானம் 4, 5 மணி நேரம், இரண்டாவது மிக நீளம். ஐரோப்பா வழியில் இரண்டும் ஏறக்குறைய 10 மணி நேரத்தைச் சுற்றி வரும். ஓடி ஆடும் வயதுக் குழந்தைக்கு இரண்டாவது வகை சற்று எளிது. நடுவில் கால் நீட்டி ஓட ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. முதல் விமானம் நள்ளிரவுக்குப் பின் கிளம்பினால் அதில் பாதிக்கு மேல் தூங்கியே கழியும்.

அபுதாபி வழிக்குத் தனியாக ஒரு வசதி உண்டு. அமெரிக்க இமிகிரேஷனை அங்கேயே முடித்துவிட்டு ஏறலாம். அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணி போல நேராக வெளியே வந்துவிடலாம். குழந்தை முற்றிலும் களைத்துப்போன நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வரிசையும் கூடுதல் சோதனையும் இடைநிலையத்திலேயே வந்துவிடுவதால், அங்கே இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும்.

இடைவெளி எந்த ஊராக இருந்தாலும் 3 முதல் 4 மணி நேரம். ஒன்றரை மணி நேரம் போதும் என்று டிக்கெட் தளம் காட்டும். அது தனி ஆளுக்கு. குழந்தையோடு இருப்பவர் கடைசியில்தான் இறங்க முடியும், அப்புறம் டயப்பர் மாற்ற வேண்டும், அதற்குள் கேட் மூடும் நேரம் வந்துவிடும். 6 மணி நேரத்துக்கு மேல் போனாலோ, ஓட்டல் அறை இல்லாமல் சமாளிப்பது சிரமம்.

2. டிக்கெட் போட்ட அன்றே ஒரு போன்

இணையத்தில் போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அன்றே விமான நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். முதல் கேள்வி: மடிக் குழந்தைக்குத் தனி டிக்கெட் எண் விழுந்திருக்கிறதா? இடைத்தரகர் தளங்களில் போட்டால் குழந்தையின் பெயர் பதிவில் இருக்கும், டிக்கெட் மட்டும் வெளியாகாமல் நிற்கும். அது செக்-இன் கவுண்டரில்தான் தெரியவரும். உங்கள் பதிவு எண்ணிலேயே குழந்தையும் இருக்க வேண்டும், பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அப்பா பெயர் எங்கே, இனிஷியல் எங்கே என்ற குழப்பம் நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் சகஜம். இப்போதே சரிசெய்தால் ஒரு போனோடு போய்விடும்.

இரண்டாவது, தொட்டில். கேபினின் முன்சுவரில் மாட்டும் பேசினெட்டைத்தான் சொல்கிறேன். எடைக்கும் நீளத்துக்கும் வரம்பு உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றரை வயதில் பல குழந்தைகள் அந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள். எடை பார்த்து வைத்துக்கொண்டு கேளுங்கள். வரம்புக்குள் வந்தாலும், நடக்கிற குழந்தை அதில் சும்மா படுத்திருக்காது. சீட் பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையைத் தூக்கி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வரிசையில் கைப்பிடிகள் மேலே மடங்காது, காலடியில் பை வைக்கவும் விடமாட்டார்கள். 1 வயதுக்குக் கீழே என்றால் தொட்டில் வரிசைதான் சரி. 15 மாதம் தாண்டினால் கைப்பிடி மடங்கும் சாதாரண வரிசையையே கேட்பேன்.

சீட் எங்கே? மடிக் குழந்தை என்றால் நடைபாதை ஓரம். எழுந்து போக யாரையும் கேட்க வேண்டாம். தனி சீட் என்றால் குழந்தைக்கு ஜன்னல், உங்களுக்கு அதற்கு அடுத்தது. ஒன்று நினைவில் இருக்கட்டும்: கூடுதல் ஆக்ஸிஜன் முகமூடி இருக்கும் வரிசைகளில்தான் மடிக் குழந்தையை உட்கார வைப்பார்கள். அதனால் விமானத்தில் ஏறியபின் நினைத்தபடி இடம் மாறிக்கொள்ள முடியாது. சீட்டை முன்பே உறுதி செய்யச் சொல்வது அதனால்தான்.

அதே போனில் இன்னும் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைச் சாப்பாடு முன்பதிவு செய்ய வேண்டுமா, மடிக் குழந்தைக்கும் உண்டா? விமான நிலையத்தில் கூட வந்து உதவும் சேவை உண்டா, கட்டணமா? கேட்டில் ஒப்படைக்கும் ஸ்ட்ரோலர் (குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி) இடைநிலையத்தில் கையில் கிடைக்குமா, கடைசி ஊரில்தானா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இடைநிலையத்தில் ஸ்ட்ரோலர் வெளியே வரும் என்று வாசலில் காத்து நின்றே அரை மணி நேரம் போய்விடும்.

3. காகிதங்கள்

மடிக் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதில் விசா முத்திரை, கூடவே அப்பாவின் வேலை விசாவுக்கான ஒப்புதல் நகல். அமெரிக்காவில் பிறந்த குழந்தை என்றால் அமெரிக்கப் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இரண்டும். பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்; தாயின் பெயரும் குழந்தையின் பெயரும் அதில் ஒன்றாக இருக்கும்.

கூட வராத பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி செய்த ஒப்புதல் கடிதம் அவசியம் வேண்டும். ஒரு பெற்றோர் மட்டும் குழந்தையோடு வந்தால் இப்படி ஒரு கடிதம் கையில் இருக்கட்டும் என்று அமெரிக்க எல்லைத் துறையே சொல்கிறது. ஆங்கிலத்தில், பயணத் தேதி, பாஸ்போர்ட் எண்கள், அவரது தொலைபேசி எண்ணோடு இருந்தால் போதும். எல்லா முறையும் கேட்கமாட்டார்கள். கேட்கும்போது கையில் இல்லையென்றால் நீங்கள் ஓரமாக உட்கார வேண்டியிருக்கும்.

குழந்தையின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். சிறுவர்களுக்கான இந்தியப் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். அது விசாவுக்கு முன்பே முடிகிறது என்றால், அமெரிக்காவில் தங்கும் அனுமதியையும் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு குறைத்துவிடுவார்கள். பெற்றோருக்கு ஒரு தேதி, குழந்தைக்கு ஒரு தேதி என்று ஆகி, மாதங்கள் கழித்துத் தெரியவந்து ஓடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் கிளம்பும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

இவை எல்லாம் ஒரே ஜிப் பையில், கழுத்தில் அல்லது குறுக்காக மாட்டும்படி. தோளில் தொங்கும் ஹேண்ட்பேக் வேண்டாம். குனிந்து குழந்தையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது முன்னால் வந்து விழும்.

4. டாக்டரிடம் ஒரு முறை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு குழந்தைகள் டாக்டரைப் பாருங்கள். சளி, காதுத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காது அடைத்திருக்கும்போது விமானம் இறங்குவது குழந்தைக்குக் கடும் வலி.

காய்ச்சல் மருந்துக்கு எத்தனை மி.லி. என்று, நீங்கள் கொண்டுபோகும் அதே பாட்டிலைக் காட்டி எழுதி வாங்குங்கள். பாராசிட்டமால் நம் ஊரில் 5 மி.லி.க்கு 120 மி.கி., 250 மி.கி. என்று சிரப்பாகவும், அதைவிட அடர்த்தியான சொட்டு மருந்தாகவும் வருகிறது. 'காய்ச்சலுக்கு 5 மி.லி.' என்ற பொது நினைவில் பாட்டில் மாறினால் அளவே மாறிவிடும். நடுவானில், அரைத்தூக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில் கணக்குப் போட முடியாது.

தூங்க வைக்க மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வாந்தி, அலர்ஜிக்குக் கொடுக்கும் ப்ரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழே மூச்சையே அடக்கக்கூடியது. அந்த வயதுக்குக் கொடுக்கவே கூடாது என்ற கடும் எச்சரிக்கை அமெரிக்காவில் உண்டு. மற்ற அலர்ஜி சிரப்புகளும் சில குழந்தைகளைத் தூங்க விடாமல் இன்னும் துள்ள வைத்துவிடும். பக்கத்தில் மருத்துவமனை இல்லாத இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

5. பை கட்டும் வரிசை

கைப்பை ஒன்றே ஒன்று, முதுகில் மாட்டுவது. சக்கரப் பெட்டியை இழுக்க ஒரு கை போய்விடும். அதை செக்-இனில் போட்டுவிடுங்கள். குழந்தையை முன்னால் கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று, மடித்தால் சின்னதாகும் ஸ்ட்ரோலர் ஒன்று. ஸ்ட்ரோலர் தூக்கத்துக்கும் பை சுமக்கவும், கேரியர் ஸ்ட்ரோலர் கையில் இல்லாத இடங்களுக்கு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கேரியரை எடுங்கள்.

பைக்குள் பொருள்களை வகை வகையாக அடுக்காமல் தருணம் தருணமாக அடுக்குங்கள். டயப்பர் எல்லாம் ஒரு கட்டு, துணி எல்லாம் ஒரு கட்டு என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் மூன்று கட்டைப் பிரிக்க வேண்டும். ஒரு ஜிப்லாக் கவரில் ஒரு டயப்பர், வைப்ஸ் சிறு பாக்கெட், ஒரு செட் துணி, அழுக்கைப் போட ஒரு காலி கவர். இது ஒரு செட். இப்படி 4 செட். விமானக் கழிவறைக்கு முதுகுப்பையைத் தூக்காமல், ஒரு கவரை மட்டும் பல்லில் கவ்விக்கொண்டாவது போய்விடலாம். மீதி டயப்பர்களை அடியில் போடுங்கள். 2, 3 மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அதற்கு மேல் ஒரு நாளைக்கான டயப்பர்களும். விமானம் தாமதமானால் அந்த நாள் கணக்கு கைகொடுக்கும்.

உங்களுக்கும் ஒரு சட்டை வையுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் அது பெரும்பாலும் உங்கள் மேல்தான். குழந்தைக்கு 3 செட் எடுத்துவிட்டுத் தனக்கு ஒன்றும் எடுக்காமல், ஈர குர்த்தாவோடு 10 மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

விளையாட்டுப் பொருள்களில் சத்தமிடுவதும் உருண்டு ஓடுவதும் வேண்டாம். பந்து, கார் எல்லாம் முன் சீட்டுக்கு அடியில் போய்விடும். ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர் புத்தகம், தண்ணீர் தொட்டு வரையும் அட்டை, நூலில் கோக்கும் பெரிய மணி, மூடித் திறக்கும் சின்ன டப்பாக்கள். புதிதாக இருந்தால் நல்லது. கிளம்பும் வாரம் வீட்டில் காட்டாமல் ஒளித்து வையுங்கள். கார்ட்டூன்களை இணையம் இல்லாமல் ஓடும்படி போனில் இறக்கி, விமானப் பயன்முறையில் போட்டு ஓடுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். குழந்தைக்கான ஹெட்போனை ஒரு வாரம் வீட்டிலேயே பழக்குங்கள். முதல் முறை விமானத்தில் மாட்டினால் பிடுங்கி எறியும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. அதை விமானத்துக்குள் பயன்படுத்தவே சில நிறுவனங்கள் இப்போது தடை போட்டிருக்கின்றன. போனையும் டேப்லெட்டையும் முழுக்க சார்ஜ் செய்துகொண்டு ஏறுங்கள்.

6. சாப்பாடு

விமானத்தில் கொடுப்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். மடிக் குழந்தைக்குச் சில நிறுவனங்களில் பாட்டில் உணவு மட்டும்தான் வரும். தனி சீட் குழந்தைக்கு வரும் தட்டிலும் பாஸ்தாவும் கேக்கும் இருக்கும். இட்லியில் வளர்ந்த வாய் அதைத் தொடாது.

முதல் விமானத்துக்கு வீட்டுச் சாப்பாடு: நெய் தடவிய இட்லி, சின்னச் சின்னதாகக் கிள்ளிய சப்பாத்தி. குளிரில்லாமல் சில மணி நேரம்தான் தாங்கும், அதற்குள் முடித்துவிடுங்கள். இரண்டாவது விமானத்துக்குக் கெடாதது மட்டும்: பொரி, ஊறவைக்கும் அவல், வறுத்துப் பொடித்த சத்துமாவு, பிஸ்கட். சத்துமாவை ஒரு வேளைக்கு ஒரு சின்ன டப்பாவில் அளந்து போட்டுவிடுங்கள். வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் போதும். வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். விமானம் குலுங்கும்போது கேட்கவே வேண்டாம்.

கைப்பையில் திரவம் 100 மி.லி. வரைதான் என்ற விதி குழந்தையின் பால், தண்ணீர், கூழ் உணவுக்குப் பொருந்தாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், சோதிக்கத் திறக்கச் சொல்லலாம். அதனால் அதை மட்டும் பையின் மேல் பகுதியில் வையுங்கள். பால் பவுடர் கலக்கக் கொதித்து ஆறிய நீரைப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டால் விமானக் குழாய் நீரை நம்ப வேண்டாம். பணிப்பெண் தரும் வெந்நீர் மிகச் சூடாக இருக்கும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

7. சென்னை விமான நிலையத்தில்

வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். டிக்கெட்டும் அடையாளமும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இதைத் தெரிந்தே வைத்திருந்தாலும், கடைசி நிமிடம் வரை தாத்தா கையில் குழந்தை, மாமா கையில் பை என்று இருந்துவிட்டு, வாசலில் எல்லாம் ஒன்றாக உங்கள் மேல் வந்து இறங்கும். வண்டியை விட்டு இறங்கியதுமே முதுகுப்பையை மாட்டி, குழந்தையைக் கட்டிக்கொண்டு, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, அதே கோலத்தில் நின்று விடைபெறுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் உதவிக்கு ஆள் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

4 மணி நேரம் முன்னதாக வாருங்கள். கவுண்டரில் ஸ்ட்ரோலருக்கு கேட் வரை செல்லும் டேக் போடச் சொல்லுங்கள். பெட்டிகள் கடைசி ஊர் வரை டேக் ஆகியிருக்கிறதா என்று கையில் தரும் ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில்தான் பலரும் திணறுகிறார்கள். ஸ்ட்ரோலரை மடித்து எக்ஸ்ரேயில் போட வேண்டும், குழந்தையைக் கேரியரிலிருந்து எடுக்க வேண்டும், போனையும் மின்பொருள்களையும் தட்டில் வைக்க வேண்டும். வரிசை இது: முதலில் பையும் போனும் தட்டில், அப்புறம் ஸ்ட்ரோலர், கடைசியில்தான் குழந்தையைக் கேரியரிலிருந்து எடுப்பது. குழந்தையை முதலில் கீழே விட்டால் அது ஓடும், நீங்கள் பையை விட்டுத் துரத்த வேண்டும். பின்னால் நிற்பவர்களை முன்னே போகச் சொல்லிவிடுங்கள். அவசரம் உங்களுக்கு வேண்டாம்.

கேட்டில் குழந்தையை ஓட விடுங்கள். 'சிறு குழந்தையோடு வருபவர்கள் முதலில்' என்று கூப்பிடுவார்கள். மேலே பை வைக்க இடம் பிடிக்க அது உதவும்தான். ஆனால் தனியாக வருகிறவர் முதலில் ஏறினால் முக்கால் மணி நேரம் கூடுதலாகக் குழந்தையைச் சீட்டில் அடக்க வேண்டும். உங்கள் பை முன் சீட்டுக்கு அடியில் அடங்கும் என்றால் கடைசியில் ஏறுங்கள்.

8. சீட்டில் உட்கார்ந்ததும்

தட்டு, கைப்பிடி, பெல்ட் பக்கிள் மூன்றையும் வைப்ஸால் துடையுங்கள். குழந்தை முதலில் நக்குவது அவற்றைத்தான். மடிக் குழந்தைக்கு உங்கள் பெல்ட்டில் கோக்கும் சின்ன பெல்ட் பல நிறுவனங்களில் தருவார்கள், தராவிட்டால் கேளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கேரியரில் கட்டியபடி இருக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள், அதனால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஒரு செட் கவர், தண்ணீர், ஒரு பொம்மை, ஒரு டப்பா தீனி இவற்றை முன் சீட்டின் முதுகில் இருக்கும் பையில் போட்டுவிட்டு மற்றதைக் காலடியில் தள்ளிவிடுங்கள். அப்புறம் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசுங்கள். "அக்கா, நான் தனியா வர்றேன். நான் பாத்ரூம் போகும்போது ரெண்டு நிமிஷம் பாத்துக்கிறீங்களா?" என்று முதலிலேயே கேட்டு வைத்தால், தேவைப்படும்போது தயக்கம் இருக்காது. இந்த வழிகளில் பக்கத்தில் பெரும்பாலும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் ஒரு அம்மா இருப்பார். அவர்கள் கேட்காமலே கை நீட்டுவார்கள்.

9. நடுவானில்

ஏறியதும் எல்லா விளையாட்டையும் எடுத்துக் காட்டாதீர்கள். ஒரு பொருள் முற்றிலும் சலித்தபின் அடுத்தது. கார்ட்டூனைக் கடைசிப் பாதிக்கு வையுங்கள். முதல் மணியிலேயே கொடுத்தால் பத்தாவது மணியில் கையில் ஒன்றும் இருக்காது.

ஊர் நேரத்தில் குழந்தை தூங்கும் நேரம் வந்ததும் வீட்டில் செய்யும் அதே வரிசையைச் செய்யுங்கள்: டயப்பர் மாற்றி, இரவு உடை போட்டு, பால் கொடுத்து, அதே தாலாட்டு. விளக்கணைப்பது விமானத்தின் கையில். இந்த வரிசை உங்கள் கையில். தூங்கியதும் படம் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், நீங்களும் தூங்குங்கள்.

மூடியில் ஸ்ட்ரா வைத்த பாட்டிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தரையில் இறுக மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று, கேபின் அழுத்தம் குறையும்போது விரியும். மேலே போனபின் ஸ்ட்ராவை நிமிர்த்திய மறுகணம் பால் பீய்ச்சி அடிக்கும். முன் சீட்டுக்காரரின் தலை வரைகூடப் போகும். கொடுக்கும் முன் மூடியைக் கொஞ்சம் திருகித் தளர்த்தி, 'உஸ்' என்று காற்று போனபின் மறுபடி மூடிக் கொடுங்கள்.

டயப்பர் மாற்றும் மடக்குப் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது. எதில் இருக்கிறது என்று பணிப்பெண்ணைக் கேளுங்கள். சாப்பாடு கொடுத்து முடித்ததும் அங்கே நீண்ட வரிசை நிற்கும். சாப்பாட்டு வண்டி கிளம்பும் முன்பே போய்விட்டு வாருங்கள். சிறுநீர் மட்டும் என்றால் இழுத்து மாட்டும் டயப்பரை நிற்க வைத்தே மாற்றிவிடலாம்.

கேபின் காற்று மிக வறண்டது. கேட்கும் வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். நீங்களும் குடியுங்கள். கழிவறை போவது சிரமம் என்று தண்ணீரே குடிக்காமல் வரும் தாய்மார்கள் இறங்கும்போது தலைவலியோடு இறங்குகிறார்கள்.

அழும். அழுதால் எழுந்து பின்பக்கம், பணிப்பெண்கள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே இயந்திர இரைச்சலில் அழுகை அடங்கிவிடும், நின்று ஆட்ட இடமும் உண்டு. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். அந்தக் கவனத்தைக் குழந்தைமேல் வையுங்கள்.

10. இறங்கும்போது காது

வலி ஏறும்போது குறைவு, இறங்கும்போது அதிகம். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. வெளியே அழுத்தம் கூடும்போது சுலபமாகத் திறக்காது. விழுங்கினால் திறக்கும். விமானம் தரை தொடும் நேரத்துக்குப் பால் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். தாய்ப்பால், பாட்டில், ஸ்ட்ரா, மெல்ல மெல்லத் தின்னும் பொரி, எதுவானாலும் சரி. தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. இதற்காகவே கடைசிப் பாலை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

11. இடைநிலையம்

கடைசியாக இறங்குங்கள். இறங்கியதும் முதலில் கேட் எண், பிறகு டயப்பர், பிறகு சாப்பாடு, கடைசியில் ஓட்டம். கேட் எங்கே என்று தெரியாமல் ஓட விட்டால், அது ரயில் ஏறிப் போகும் தூரத்தில் இருப்பது பிறகுதான் தெரியும். ஸ்ட்ரோலர் கையில் கிடைக்காவிட்டால், துபாய், தோஹா போன்ற நிலையங்களில் இரவல் ஸ்ட்ரோலர் உண்டு; இறங்கும் இடத்து ஊழியரைக் கேளுங்கள்.

அமெரிக்க விமானங்களுக்குப் பல ஊர்களில் கேட் அருகே இன்னொரு சோதனை இருக்கும். குழந்தையின் பால், தண்ணீரை மறுபடியும் தனியாகக் காட்ட வேண்டி வரலாம். இதற்காகவே கேட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

12. அமெரிக்காவில் இறங்கியபின்

கைப்பையில் பழம் மிச்சமிருந்தால் விமானத்திலேயே தின்னக் கொடுங்கள், இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் கொடுத்த வாழைப்பழத்தைப் பையில் மறந்துவிட்டு அபராதம் வரை போகலாம். கறிவேப்பிலை, விதைகள், இறைச்சி எதுவும் பெட்டியில் வேண்டாம். மற்ற உணவு எது இருந்தாலும் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னதற்கு யாரும் அபராதம் போடுவதில்லை.

இமிகிரேஷன் வரிசையில் சேரும் முன் டயப்பர் மாற்றுங்கள். நடுவில் விட்டுப் போக முடியாது. அதிகாரி முன் நிற்கும்போது குழந்தை கேரியரில், காகிதங்கள் வைத்த ஜிப் பை கையில். அடுத்த உள்நாட்டு விமானம் இருந்தால், பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். தள்ளுவண்டிக்குப் பல விமான நிலையங்களில் பணம் கட்ட வேண்டும். அங்கே செல்லும் கார்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பெட்டி தூக்க ஆள் கேளுங்கள், தயங்காதீர்கள்.

அழைத்துப் போக வருபவரிடம் கார் சீட்டை முந்தைய நாளே பொருத்தச் சொல்லுங்கள். குழந்தையை மடியில் வைத்துக் காரில் போவது அங்கே எந்த மாநிலத்திலும் சட்டவிரோதம். விமான நிலைய வாசலில் நின்று முதல் முறையாக அதைப் பொருத்தக் கற்றுக்கொள்வது யாருக்கும் வேண்டாம்.

வீடு சேர்ந்ததும் குழந்தை நள்ளிரவு 2 மணிக்கு விளையாட எழும். ஊருக்கும் அங்கேயும் 9 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், நேரம் சரியாக ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். காலையில் வெயிலில் விளையாட விடுங்கள், பகல் தூக்கத்தை 2 மணி நேரத்தில் எழுப்பிவிடுங்கள். இரவில் எழுந்தால் விளக்கைப் போடாமல் கொஞ்சம் சாப்பிடக் கொடுத்து மறுபடி படுக்க வையுங்கள். முதல் மூன்று இரவுகளை வீட்டில் இருக்கும் மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். ஓரிரு நாளில், அமெரிக்க எல்லைத் துறையின் இணையதளத்தில் இருக்கும் தங்கும் அனுமதிப் பதிவை (ஐ-94) திறந்து, குழந்தையின் பெயரும் தேதியும் சரியா என்று பார்த்து, ஒரு நகல் எடுத்து வையுங்கள்.